மாடி இருக்கா?

"நாளைக்குக் காலையில எங்க அண்ணனை கோர்ட்டுல நிறுத்துறாங்க. அதுக்குள்ள நீங்க ஏதாவது செய்யலைன்னா, நானும் எவனையாவது மாடியிலேர்ந்து தள்ளிவிட்டுட்டு அண்ணன் கூடவே உள்ள போய் உட்கார்ந்துக்கிறேன்."

வந்தவள் உட்காரவில்லை. பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து சீருடையோடு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். தோளில் இருந்த டிக்கெட் பையைக் கழற்றி மேஜை மேல் போட்ட வேகத்தில் என் டீ கிளாஸ் ஒரு துள்ளு துள்ளியது.

"ஜெயில்ல லேடீஸுக்குத் தனி இடம்மா. அண்ணன் கூட உட்கார முடியாது," என்றேன்.

பாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'தகரம், வாயை மூடு' என்று அதற்கு அர்த்தம். தகரம் என்பது அவர் எனக்கு வைத்த பட்டப்பெயர். தட்டினாலும் சத்தம், தட்டாவிட்டாலும் சத்தமாம். எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் மொத்தமே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். பாஸ் நாற்பதைத் தாண்டிய அம்மாள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு நாள் முழுவதும் மெதுவாகத்தான் பேசினார்.

"உங்க அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்?"

"வெல்டர். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. நேத்து எங்க வீட்டு மேலேர்ந்து பில் கலெக்டர் விழுந்துட்டாரு. வீட்டு வரி வசூல் பண்ண வருவாரே, அவர்தான். தலையில அடி. ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கிறாரு. அண்ணன்தான் தள்ளிவிட்டான்னு பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

"தள்ளலையா?"

"அவன் கத்துவான் மேடம். கை நீட்ட மாட்டான். எங்கம்மா போன நாள்லேர்ந்து என்னை வளர்த்தவன் அவன். எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது. உடனே அதையும் கோபமாக மாற்றிக்கொண்டாள். "அந்தாளு பிழைக்காம போயிட்டா கொலைக் கேஸாம். இன்ஸ்பெக்டர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு."

பாஸ் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்டைக் காட்டுங்க."

*

தெருவுக்குள் நுழைந்ததுமே நாற்றம். ஒரு பக்கம் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி, மூடி போடாமல் விட்டிருந்தார்கள். தெருவிளக்குக் கம்பத்தில் விளக்கு இல்லை, அதைத் திருடினவன் விட்டுவைத்த வயர் மட்டும் தொங்கியது. வரிசையாகச் சின்னச் சின்னத் தளம் போட்ட வீடுகள். எல்லாம் ஒரே உயரம். தெருக் கோடியில் மட்டும் ஓர் ஓட்டு வீடு. அதற்கும் பின்னால், மெயின் ரோட்டில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டல் ஒன்று ஏழு மாடிக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றது. அதன் நிழல் பாதித் தெருவுக்கு வந்திருந்தது.

"வெயில் கூட எங்களுக்குப் பாதிதான்," என்றாள் கண்டக்டர். கேட்டைத் திறந்தாள். "இதுதான் எங்க வீடு. இதுக்கு மாடி இருக்குன்னு வரி போட்டிருக்காங்க. நீங்க துப்பறியறவங்கதானே, அந்த மாடியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க. வாடகைக்கு விட்டு உங்களுக்குப் பாதி தர்றேன்."

நானும் தேடித்தான் பார்த்தேன். ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை. பக்கவாட்டுச் சந்தில் அண்ணன் கையால் செய்த இரும்புப் படிக்கட்டு. ஏறினால் மொட்டை மாடி. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொடி, கொடியில் காயும் இன்னொரு கண்டக்டர் சீருடை. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சுவர். கீழே எட்டிப் பார்த்தால் பில் கலெக்டர் விழுந்த சந்து. அவ்வளவுதான். அதற்கு மேல் ஆகாயம்தான் இருந்தது, அதற்கு வரி போட்டார்களா என்று தெரியவில்லை.

"எப்படி மாடின்னு எழுதினாங்க?" என்று பாஸ் கேட்டார்.

"நான் சொன்னதாலதான்." அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "போன வருஷம் கணக்கெடுக்கப் பொண்ணுங்க வந்துச்சுங்க. வாசல்லயே நின்னு, 'மாடி இருக்கா?'ன்னு கேட்டுச்சுங்க. 'இருக்கே, துணி கூடக் காயுது, மேல வந்து பாருங்க'ன்னேன். 'வேணாங்க்கா, வெயில்'னுட்டு, கையில வச்சிருந்த மெஷின்ல என்னமோ அமுக்கிட்டுப் போயிடுச்சுங்க. இப்ப ரெண்டு அடுக்கு வீடுன்னு பில் வருது. கட்டலைன்னா சீல் வைப்பாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு மேல் இன்னொரு வீடு இருந்தாலும் நாம் மாடி என்போம். வெறும் தளத்தில் கொடி கட்டினாலும் மாடி என்போம். துணி எங்கே என்றால் மாடியில், பையன் எங்கே என்றால் மாடியில். மொட்டை மாடி என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த ஒரு சொல்லைச் சோம்பலில் விட்டதற்கு ஒரு தெருவே தண்டம் அழுகிறது.

"அண்ணனுக்கும் பில் கலெக்டருக்கும் என்ன சண்டை?"

"முந்தாநாள் நகராட்சி ஆபீஸ்லதான். 'என் மாடி எங்கடா? நேர்ல வந்து பாரு. இருந்தா உன்னை அங்கிருந்தே தள்ளிவிடறேன்'னு அண்ணன் எல்லார் முன்னாடியும் கத்திட்டான். பில் கலெக்டர் கோவிச்சுக்கலை. 'நாளைக்கு வந்து பார்க்கிறேங்க'ன்னாரு. சொன்ன மாதிரியே வந்தாரு. அண்ணன் பட்டறையில கிரைண்டர் ஓட்டிக்கிட்டிருந்தான். 'நீங்க வேலையைப் பாருங்க, நான் மேல போய்ப் பார்த்துட்டு வர்றேன்'னுட்டு ஏறியிருக்காரு. கொஞ்ச நேரத்துல தொப்புன்னு சத்தம். அண்ணன் சந்துக்கு ஓடிவந்து அவரைத் தூக்கும்போதுதான் ஜனம் கூடியிருக்கு."

அப்போது தெருவில் கையில் பிடிக்கிற ஒலிபெருக்கி மைக் ஒன்று அலறியது. "ஒரு பைசா கட்ட மாட்டோம்! சீல் வைக்க வந்தா ரோட்டுல படுப்போம்!"

குடியிருப்போர் சங்கச் செயலாளர். தும்பைப் பூ மாதிரிச் சட்டை, தொண்டை கட்டிய குரல். எங்களைப் பார்த்ததும் கேட்டுக்கே வந்துவிட்டார். "துப்பறியறவங்களா? ரொம்ப நல்லது. வெல்டர் தங்கமான பையன். அன்னிக்கு ஆபீஸுக்கு அவன்கூடப் போனதே நான்தான். வக்கீல் செலவைச் சங்கமே ஏத்துக்கும்."

"தெருக்காரங்க தனித்தனியா அப்பீல் மனு போடலையா?" என்று பாஸ் கேட்டார்.

"போடவே கூடாதுன்னு சொல்லிட்டேன்! மனு போட்டா அவன் எழுதினதை நாம ஒத்துக்கிட்ட மாதிரி. மொத்தமா நிக்கணும்மா. கட்ட மாட்டோம்னா கட்ட மாட்டோம்!"

"உங்க வீடு எது?"

"கோடியில இருக்கிற ஓட்டு வீடு."

"உங்களுக்கு எவ்வளவு ஏத்தியிருக்காங்க?"

"எனக்கு ஏத்தலைம்மா. ஓட்டுல ஏறி எவன் துணி காயப்போடுவான்? ஆனா தெருவுக்கு வந்த கஷ்டம் எனக்கும்தானே?"

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. தனக்கு ஒன்றும் இல்லாத விஷயத்துக்குத் தொண்டை கிழியக் கத்துகிற ஆள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்? அதைப் பாஸிடம் சொன்னேன். பாஸ் அந்த ஓட்டு வீட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

*

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கேஸ் முடிஞ்சுபோச்சு மேடம். முதல் நாள் மிரட்டினான், மறுநாள் தள்ளினான். கண்ணால பார்த்த சாட்சி வேற இருக்கு."

"யாரு?"

"நகராட்சி ஆபீஸ்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கிறவர். தானா வந்து சொன்னாரு. இப்படியும் நாலு நல்ல மனுஷங்க இருக்கிறதாலதான் நாங்க பொழைக்கிறோம்." விசிறிக்கொண்டிருந்த ஃபைலையே பிரித்து வாசித்தார். "'நான் அந்தத் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது வெல்டர் வீட்டு மாடியில் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னல் வழியாக வெல்டரும் பில் கலெக்டரும் கைகலப்பில் இருப்பது தெரிந்தது. சற்று நேரத்தில் பில் கலெக்டர் கீழே விழுந்தார்.' போதுமா?"

"ஜன்னல் வர்ற வரியை இன்னொரு தடவை படிக்கிறீங்களா?"

படித்தார்.

"அந்தச் சாட்சியைத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போய், எங்க நின்னு பார்த்தாருன்னு குறிச்சீங்களா?"

"எதுக்கு?"

"நாளைக்கு கோர்ட்டுல அவங்க வக்கீல் முதல்ல அதைத்தான் கேட்பாரு. நீங்க முழிக்கிறதை ஜட்ஜ் பார்க்க வேணாமேன்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் விசிறுவதை நிறுத்தினார். முகம் சுண்டிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு சாட்சியோடு தெருவுக்கு வருவதாக ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் பாஸ் என்னைக் கேட்டார். "தகரம், வெல்டர் வீட்டு மாடியில எத்தனை ஜன்னல்?"

"ஜன்னலா? அங்க சுவரே முழங்கால் உயரம்தான் பாஸ். ஜன்னலை எங்க..." அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அடப்பாவி!"

"அந்த வீட்டுக்கு மாடின்னு ஒண்ணு ஒரே இடத்துலதான் இருக்கு. நகராட்சி கணக்குல. நம்ம சாட்சி அந்த மாடியைத்தான் நிமிர்ந்து பார்த்திருக்கான்."

"கட்டாத மாடிக்கு வரியும் போட்டு, அதே மாடியில சண்டையும் போட வச்சு, ஆளை உள்ளேயும் தள்ளிட்டாங்களா?" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜோக் எதுவும் வரவில்லை.

*

நகராட்சி அலுவலகத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஜெராக்ஸ் கடை. அலுவலகத்தின் வரி பில்கள் எல்லாம் அங்கேதான் அச்சாகின்றன. ஒல்லியான ஆள், அடுக்கி அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த பில்லில் கொட்டை எழுத்தில் 'தரைத்தளம் + மாடி' என்று இருந்தது. என் அடையாள அட்டையை நீட்டி ஒரு காப்பி எடுக்கச் சொன்னேன்.

"அண்ணே, இந்த வெல்டர் வீடு இருக்கே, பில் கலெக்டர் விழுந்தாரே, அந்தத் தெருவுக்கு எப்படிப் போகணும்?"

"எனக்கு அந்தப் பக்கம் பழக்கமில்ல தம்பி. வெளியில ஆட்டோக்காரரைக் கேளுங்க," என்றார் கண்ணால் பார்த்த சாட்சி.

காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு மாடி ஏறினேன். இது நிஜ மாடி. ஜன்னல் இருந்தது. வருவாய் அலுவலர் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தார். பாஸ் அவர் எதிரில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்களே 'மாடி இருக்கு'ன்னு சொன்னாங்க, நாங்க எழுதிக்கிட்டோம்," என்றார் அலுவலர். "இது அவங்க வாய்த் தவறு. எங்க தவறு இல்ல."

"ஒத்துக்கிறேன். தெரு முழுக்க ஏறியிருக்கு, இல்லையா?"

"ஓட்டு வீடு தவிர எல்லாம்."

"அப்ப இந்த வருஷம் நீங்க போட்ட வரி மொத்தம் நல்லா ஏறியிருக்கணும். அந்தச் சாக்கடைக்காவது மூடி போட்டிருக்கலாமே?"

"நிதி இல்லைம்மா. போட்ட வரி மொத்தம் போன வருஷம் எவ்வளவோ அவ்வளவேதான். ஆனா ஒண்ணு, ஒரு பைசா குறையலை. ஆடிட்டருங்களே பாராட்டினாங்க." பெருமையாகக் காலை ஆட்டினார்.

பாஸின் குரல் இன்னும் இறங்கியது. "ஒரு தெருவுக்கே ரெண்டு மடங்கு போட்டா மொத்தம் ஏறணும். ஏறலைன்னா, அங்க ஏத்தினது வேற எங்கேயோ இறங்கியிருக்கு. எங்க இறங்குச்சு சார்?"

காலாட்டம் நின்றது.

நான் ஜன்னலைப் பார்த்தேன். எதிரே, கண்ணை மறைத்துக்கொண்டு அந்த ஏழு மாடி ஹாஸ்டல் நின்றது. கீழே நகராட்சி வாசலில், 'உங்கள் கட்டடத்தின் வரி விவரத்தைக் கதவு எண் கொடுத்து நீங்களே பார்க்கலாம்' என்று பெரிய போர்டு வைத்திருந்தார்கள். எதற்கு வைத்தார்களோ தெரியாது, நமக்கு உதவியது. ஹாஸ்டல் பெயர்ப் பலகையில் தெரிந்த கதவு எண்ணைப் போனில் தட்டினேன்.

"பாஸ், மந்திரவாதம்! 'தரைத்தளம் மட்டும், குடியிருப்பு'ன்னு இருக்கு. மேல ஏழு மாடியும் அம்பேல். உரிமையாளர் யாரோ ஒரு அம்மா." போனை நீட்டினேன். பாஸ் அந்தப் பெயரை ஒரு தடவை படித்துக்கொண்டார்.

"கணக்கெடுத்த பொண்ணுங்களுக்குப் பார்வைக் குறை இருக்கலாம்," என்றார் அலுவலர். ஏ.சி. அறையில் அவருக்கு வியர்த்தது.

"ஏழு மாடி தெரியாத கண்ணுக்கு இல்லாத மாடி மட்டும் தெரிஞ்சிருக்கே சார்," என்றேன். "கண் டாக்டருக்கே இது புது வியாதி."

படி இறங்கும்போது பாஸிடம் சொன்னேன். "இந்தாளுதான் பாஸ் தள்ளினது. முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு."

"இவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பத்து நிமிஷம் ஆகும். இரும்புப் படியில எங்க ஏறப்போறான்? இவன் எழுதிக்குடுத்தவன். எழுத வச்சவன் யாருன்னு நாலு மணிக்குப் பார்ப்போம்."

*

நாலு மணிக்குத் தெருவே வெல்டர் வீட்டு முன்னால் கூடியிருந்தது. செயலாளர் மைக்கோடு நடுவில் நின்றார். ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார், பின்னாலேயே ஜெராக்ஸ்காரர். நல்ல சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார்.

"நேத்து நீங்க நின்ன இடத்தைக் காட்டுங்க," என்றார் பாஸ்.

"இங்கதாம்மா. இந்த... இதோ இங்க."

"எந்த வீட்டைப் பார்த்தீங்க?"

ஜெராக்ஸ்காரர் நிமிர்ந்தார். இடது பக்கம் பார்த்தார், எல்லாம் ஒரே உயரம். வலது பக்கம் பார்த்தார், எல்லாம் ஒரே உயரம். முன்னால் நாலு அடி நடந்தார், பின்னால் வந்தார். மாடி வைத்த ஒரு வீட்டைத் தேடி அந்தத் தெருவில் அவர் சுற்றிய சுற்றில் எனக்கே தலை சுற்றியது. கடைசியில் பாவம், ஹாஸ்டலைக் காட்டலாமா என்று கூட யோசித்தார் போலிருக்கிறது. கை பாதி தூக்கி இறங்கியது.

கண்டக்டர் தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்லுய்யா! எங்க அண்ணனை உள்ள தள்ளினியே, எந்த வீடுன்னு சொல்லு!"

"மாடி ஜன்னல்னு சொல்லியிருக்கீங்களே," என்றார் பாஸ் மெதுவாக. "இந்தத் தெருவுல எந்த மாடி? எந்த ஜன்னல்?"

ஜெராக்ஸ்காரர் கூட்டத்துக்குள் யாரையோ தேடினார். கண்டுபிடித்ததும் அழாத குறையாகக் கத்தினார்.

"நீங்கதானே சார் மாடியில சண்டை போட்டாங்கன்னு சொல்லச் சொன்னீங்க? மாடின்னா ஜன்னல் இருக்காதா?"

"அட மடையா!" செயலாளர் வாய் தவறவில்லை, பொங்கிவிட்டார். "நான் மொட்டை மாடியைச் சொன்னேன்டா!"

கையில் பிடித்திருந்த மைக் அணையாமல் இருந்தது. 'சொன்னேன்டா, சொன்னேன்டா' என்று அது தெருக் கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். காலையில் எனக்குப் பிடித்துப்போன மனிதர்.

"தகரம், அந்த ஹாஸ்டல் யார் பேர்ல இருக்குன்னு இவங்களுக்குச் சொல்லு," என்றார் பாஸ்.

போனைப் பார்த்து உரக்கப் படித்தேன். பெயர் என் வாயிலிருந்து வந்ததும் கூட்டத்தில் ஒரு பெண், "அது இவர் வீட்டுக்காரம்மா பேராச்சே!" என்றாள்.

பாஸ் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார், செயலாளரைப் பார்க்கவே இல்லை. "ஏழு மாடிக்கு வரி கட்ட இவருக்கு மனசில்ல. அதைக் குறைச்சா நகராட்சி வரிக் கணக்குல ஓட்டை தெரியும். அதை அடைக்கத்தான் உங்க தலையில ஆளுக்கொரு மாடி. கணக்கெடுக்க வந்த பொண்ணுங்களை வீடு வீடா கூட்டிட்டு வந்தது யாரு?"

"இவர்தான்," என்று நாலைந்து குரல்.

"மனு போடாதீங்கன்னு சொன்னது?"

"இவர்தான்!"

"தனியா மனு போட்டா, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் வந்து மேல ஏறிப் பார்த்தாகணும். அதான் சட்டம். கட்ட மாட்டோம்னு மட்டும் கத்தினா யாரும் பார்க்க வர மாட்டாங்க, நேரா சீல் வைக்கத்தான் வருவாங்க. உங்க வீடெல்லாம் பூட்டுற வரைக்கும் இவர் உங்களுக்காகக் கத்திக்கிட்டே இருந்திருப்பாரு."

பிறகுதான் செயலாளர் பக்கம் திரும்பினார். "ஆபீஸ்ல பில் கலெக்டர் 'நாளைக்கு வந்து பார்க்கிறேன்'னு சொன்னப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. அதான் நேத்து காலையில அவர் பின்னாலேயே சந்து வழியா ஏறிட்டீங்க. அவர் விழுந்ததும் ஒரே உயரத்துல இருக்கிற பக்கத்து மொட்டை மாடிங்க வழியாவே இறங்கிப் போயிட்டீங்க. மேல என்ன சொன்னாரு?"

செயலாளர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் அவருக்கு வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல்.

"பேசித் தீர்க்கத்தான் போனேன். பிழைக்கத் தெரியாதவன். 'இங்க மாடியும் இல்ல, அங்க இருக்கிற ஏழு மாடி கணக்குலயும் இல்ல, இன்னிக்கே எழுதப்போறேன்'னு என் ஹாஸ்டலைக் கை நீட்டி எண்ணிக்கிட்டு நிக்கிறான். கையை இறக்குடான்னு ஒரு தட்டுத் தட்டினேன். அவ்வளவுதான்!"

கண்டக்டர் கேட்டை விட்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, மூடி போடாத அந்தச் சாக்கடையில் எறிந்தாள். "எங்க காசுல ஏழு மாடி. எங்க தெருவுல எங்களுக்காகக் கத்துறியா? எங்க அண்ணனுக்கு வக்கீல் வேற வைக்கிறியா?" அடிக்கக் கை ஓங்கினாள். பிறகு அவளே இறக்கிக்கொண்டாள். தெருவே அவள் சார்பில் பாய்ந்துவிடும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் செயலாளரை அவசரமாக ஜீப்பில் ஏற்றினார். அந்த ஆளைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று எனக்கு அதுவும் ஆத்திரம்தான்.

ஜீப் கிளம்பும் முன் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. கேட்டார். தொப்பியைக் கழற்றினார்.

"பில் கலெக்டர் போயிட்டாராம்."

*

வெல்டரை இரவே விட்டுவிட்டார்கள். வருவாய் அலுவலரையும் ஜெராக்ஸ்காரரையும் உட்கார வைத்திருந்த ஸ்டேஷன் பெஞ்சைத் தாண்டித்தான் வெளியே வந்தான். தடித்த கை, கிரைண்டர் பொறி பட்டுப் பொத்தலான சட்டை. தங்கை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கும்பிட்டான்.

"வீட்டுக்குப் போகலாம்ண்ணா."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் போகலாம்."

"எதுக்குண்ணா? அங்க உன்னைப் பார்த்தா..."

"நான்தானே வந்து பாருடான்னு கூப்பிட்டேன்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்தாளு இப்ப வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருப்பான்." தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டான். "இத்தனை வருஷத்துல எங்க தெருவுல மேல ஏறிப் பார்த்த ஒரே ஆளுடி அவன்."

நாங்களும் போனோம். பிணவறைக்கு வெளியே மர பெஞ்சில் பில் கலெக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய கைக்கடிகாரமும் செருப்பும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. நகராட்சியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. அவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது, யார் யார் பெயர் மாட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெல்டர் போய் அவர் எதிரில் நின்றான்.

அந்த அம்மாள் நிமிர்ந்து, அவன் சட்டைப் பொத்தல்களைப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த வீட்டுக்காரரா?"

"ஆமாம்மா."

"நேத்து சாப்பிடாமக்கூடக் கிளம்பினாரு. 'ஒருத்தர் நேர்ல வந்து பாருன்னு கத்திட்டாரு, அவர் சொல்றது சரியா இருந்தா இத்தனை நாளா நான் தப்பான பில்லைக் குடுத்துக்கிட்டு இருக்கேன்'னு சொன்னாரு. ராத்திரியெல்லாம் தூங்கலை." பையிலிருந்த கடிகாரத்தைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னது சரியா இருந்துச்சா?"

வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சரியாத்தாம்மா இருந்துச்சு. பார்த்துட்டாரும்மா."